பழைய பட்டடையும் புதிய உலையும்

சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்க மண்டபத்தில் வைக்கப்பட்டிருந்த அரிவாள்மணைகளையும் தேங்காய்த் துருவிகளையும் தோசைத் திருப்பிகளையும் தாய்மார்கள் கையிலெடுத்துப் பார்த்து, "இவை ஊரிலிருந்து வந்தவையா?" என்று வினவியது அன்பர்கள் பலருக்கு நினைவிருக்கும். அவை ஊரிலிருந்து வந்தவையல்ல. இந்தக் கரக்பூரிலேயே, ரயில் பாதைக்கு அப்பால் உள்ள ஒரு தகரக் கொட்டகையில், நம் தெருவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அடித்தவை. அவற்றை அடிக்க உதவிய பட்டடை நமக்கு எவ்வாறு கிடைத்தது, அதனை எவ்வாறு துலக்கினோம் என்று கேட்டவர்கள் பலர். அவர்களுக்கு விடையாக இதனை எழுதுகிறோம். இதில் நாம் செய்த பிழை ஒன்றும் உண்டு. அதனையும் மறைக்காமல் எழுதுவதே முறை.

பட்டடை என்பது கொல்லர் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் அடிக்கல். நம் கிராமங்களில் இதனை அடைகல் என்றும் சொல்வர். புறநானூற்றில் உலைக்கல் என்ற பெயரால் இது வருகிறது. திருவள்ளுவரோ கூடா நட்பு அதிகாரத்தின் முதற் குறளிலேயே பட்டடை என்ற சொல்லை ஆள்கிறார். ஆகவே பெயர் நமக்குப் புதிதன்று. வடிவந்தான் வேறு. நம் கிராமத்துக் கொல்லர் வைத்திருப்பது பெரும்பாலும் கொம்பில்லாத சதுர இரும்புக் கட்டை. அதனைத் தரையில் ஊன்றி, குந்தியிருந்தே வேலை செய்வார். ரயில்வேயோடு இந்நாட்டுக்கு வந்த சீமைப் பட்டடைக்கு ஒரு பக்கம் கூம்பிய கொம்பு உண்டு. இரும்பை வளைக்க அது உதவும். கொம்பையடுத்துத் தாழ்ந்த ஒரு படி. அதற்கு மேல் நீண்ட முகம். முகத்தின் மறுகோடியில் சதுரத் துளை ஒன்றும் வட்டத் துளை ஒன்றும் இருக்கும். அதனருகே நின்றபடி வேலை செய்யலாம்.

வாங்கிய கதை

மேற்சொன்ன இளைஞர் தொழிற்பயிற்சி நிலையத்தில் பற்றவைப்புத் தொழில் பயின்று தேறியவர். இரண்டாண்டு வேலை தேடியும் நிலையான இடம் அமையவில்லை. ரயில்வே பட்டறையின் கொல்லுலைப் பகுதியில் பல்லாண்டு உழைத்து ஓய்வு பெற்ற தமிழ்ப் பெரியவர் ஒருவர் நம் தெருவில் இருக்கிறார். அவரிடம் மாலை வேளைகளில் உலைத் தொழில் கற்றுக்கொண்ட இளைஞர், சொந்தமாக ஓர் உலை வைக்க விரும்பினார். துருத்திக்குப் பதில் மின்விசிறி ஊதி கிடைத்தது. சம்மட்டி, குறடு முதலியவற்றைப் பெரியவரே தந்துவிட்டார். பட்டடை ஒன்றே குறை. புதிது வாங்கக் கையிருப்புப் போதாது.

பழைய இரும்புக் கடை ஒன்றில் ஒரு பட்டடை இருப்பதாகக் கேள்வியுற்று, இளைஞரும் நாமும் சென்றோம். அதன்மேல் கடைப் பையன் உட்கார்ந்து தேநீர் அருந்திக் கொண்டிருந்தான். பச்சை, கறுப்பு, சிவப்பு என்று மூன்று வண்ணப்பூச்சுகள் அதன்மேல் அப்பிக் கிடந்தன. அவற்றுக்கு மேல் எண்ணெயும் புழுதியும் ஓரங்குலம் படிந்திருந்தன.

பெரியவர் சொல்லி அனுப்பியிருந்த சோதனைகள் இரண்டு. முதலாவது ஓசை. சிறு சுத்தியால் மெல்லத் தட்டினால் நல்ல பட்டடை மணிபோல் ஒலிக்கும். விரிசல் இருந்தாலும், மேல்தகடு உடலை விட்டுப் பிரிந்திருந்தாலும் ஒலி மழுங்கும். ஆயினும் ஓசையை மட்டும் நம்பலாகாது. வார்ப்பிரும்பு உடலின்மேல் எஃகு முகம் பதித்த சிலவகைப் பட்டடைகள் பழுதின்றி இருந்தாலும் ஒலிப்பதில்லை. இரண்டாவது சோதனை துள்ளல். பழைய பேரிங்கிலிருந்து எடுத்த எஃகுக் குண்டு ஒன்றை முகத்தின்மேல் 10 அங்குல உயரத்திலிருந்து விழவிட வேண்டும். அது 7 அங்குலத்துக்கு மேல் துள்ளி எழுந்தால் முகம் இன்னும் கடினமாக இருக்கிறதென்று கொள்ளலாம். குண்டு சோர்ந்து நின்றுவிட்டால் அந்தப் பட்டடை எங்கோ தீயில் வெந்து மென்மையாகி விட்டது. அல்லது அது முழுதும் வெறும் வார்ப்பிரும்பு. நம் குண்டு 8 அங்குலம் எழுந்தது. இளைஞர் முகம் மலர்ந்தது. அதனைக் கடைக்காரரும் கவனித்துவிட்டார்! கிலோ 90 ரூபாய்க்குக் குறைய அவர் இசையவில்லை. தராசில் 81 கிலோ நின்றது. 7,290 ரூபாய். பாதி அவருடைய சேமிப்பு. பாதி நாம் கொடுத்த கடன்.

நிற்க. ரயில்வே ஊழியர் ஒருவர் ரயில்வே ஊரில் பழைய இரும்பு வாங்குவது விளையாட்டுக் காரியமன்று. ரயில்வே உடைமையைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதைத் தண்டிக்க 1966-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆகவே கடைக்காரரிடம் ரசீது கேட்டுப் பெற்றோம். தெரிந்த பாகங்களில் அடையாளம் ஏதும் உண்டா என்றும் பார்த்தோம். ஒன்றும் தென்படவில்லை. ஆனால் மூன்று பூச்சுகளுக்கு அடியில் என்ன இருக்கிறதென்று யார் அறிவார்?

நம் பிழை

மறுநாள் ஞாயிறு. பெரியவர் நண்பகலில் வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் பாதி வேலையை முடித்து அவரை வியக்க வைப்போம் என்று நாம் கருதினோம். முகத்தின் ஓரங்கள் ஆங்காங்கே சிதைந்திருந்தன. நடுவில் சிறு பள்ளமும் இருந்தது. "அண்ணா, கிரைண்டர் வைத்து ஒரு பிடி பிடித்தால் கண்ணாடிபோல் ஆகிவிடும்" என்றார் இளைஞர். "செய்" என்றோம். மின்கிரைண்டர் அலறிற்று, தீப்பொறி பறந்தது. ஒரு மூலையில் ரூபாய் நாணயம் அளவுக்கு இடம் பளபளத்தது. நாமிருவரும் மகிழ்ந்து பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அந்த இடம் நீலமாயிற்று.

பெரியவர் வந்தார், பார்த்தார். கோபித்துக் கொள்ளவில்லை. குண்டை எடுத்து முகத்தின் நடுவில் போட்டார். 8 அங்குலம் எழுந்தது. நீலம் படர்ந்த இடத்தில் போட்டார். 5 அங்குலங்கூட எழவில்லை.

"தம்பி, துருவைத்தான் எடுக்க வேண்டும், எஃகை எடுக்கக்கூடாது" என்றார். பிறகு உட்கார்ந்து காரணத்தை விளக்கினார்.

இவ்வகைப் பழைய பட்டடையின் உடல் தேனிரும்பு. அதன்மேல் ஏறக்குறைய அரை அங்குலக் கனமுள்ள எஃகுத் தகடு உலையிலேயே ஒட்டவைத்து அடிக்கப்பட்டிருக்கும். அந்த எஃகைக் காய்ச்சி நீரில் தோய்த்துக் கடினமாக்கியிருப்பார்கள். அக்கடினம் மேற்புறத்தில் அதிகம். உள்ளே போகப் போகக் குறையும். ஆகவே மேலிருந்து சுரண்டும் ஒவ்வொரு மயிரிழையும் நல்ல எஃகின் நட்டம். அன்றியும், கடினமாக்கிய எஃகு மீண்டும் சூடேறினால் தன் கடினத்தை இழக்கும். நீல நிறம் தோன்றிற்றென்றால் அவ்விடம் 300 டிகிரி சென்டிகிரேடை எட்டிவிட்டதென்று பொருள். பூச்சை எரிப்பதற்காகப் பட்டடையைத் தீயிலிட்டுக் கெடுத்தவர்களும் உண்டு. நாம் கெடுத்தது ஒரு மூலை மட்டும். அந்த அளவில் தப்பினோம்.

இளைஞர் பற்றவைப்புத் தொழில் பயின்றவரல்லவா? சிதைந்த ஓரங்களைப் பற்றவைத்து நிரப்பிவிடலாமா என்று கேட்டார். அதற்கும் பெரியவர் தலையசைக்கவில்லை. "இவ்வளவு பெரிய இரும்பு, பற்றவைக்கும் சூட்டை உடனே உறிஞ்சிவிடும். பற்றின இடத்துக்குப் பக்கத்தில் விரிசல் விழும். முழு உடலையும் 200 டிகிரி அளவுக்கு முன்னதாகச் சூடேற்றி, தக்க கம்பியால் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை அது. இந்தச் சிறு சிதைவுக்கு அது தேவையில்லை. ஓரம் எல்லா இடத்திலும் கூர்மையாக இருந்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை" என்றார்.

எழுத்துகள் தோன்றின

அதன்பின் வேலை அவர் சொற்படி நடந்தது. முதலில் உலர்ந்த அழுக்கைச் சுரண்டினோம். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அதன் தூள் மூச்சில் போகலாகாது. ஆகவே பூச்சை நனைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு சுரண்டினோம், குழந்தைகளை அண்டவிடவில்லை, சுரண்டியதைத் தாளில் கட்டி அப்புறப்படுத்தினோம். பின்னர் மண்ணெண்ணெயில் தோய்த்த சாக்கைப் பட்டடைமீது ஓரிரவு போர்த்தி வைத்தோம். காலையில் கம்பித் தூரிகையால் தேய்க்கத் துரு சேறுபோல் வந்தது. தேய்த்தல், துடைத்தல், மீண்டும் மண்ணெண்ணெய் என்று மூன்று நாள் மாலைகள் கழிந்தன. சலவைச் சோடா கரைத்த நீரில் இரும்பை அமிழ்த்தி மின்சாரம் செலுத்தித் துருவகற்றும் முறையும் உண்டு. சிறு கருவிகளுக்கு அது நன்று. 80 கிலோ எடையுள்ள பொருளுக்குப் பெருந்தொட்டி வேண்டும். ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால் காற்றோட்டமும் வேண்டும். நமக்குக் கைவேலையே போதுமானதாயிற்று.

மூன்றாம் நாள் மாலை, பக்கவாட்டில் கறுப்புப் பூச்சு கழன்றபோது ஓர் எழுத்துத் தெரிந்தது. ஆங்கில 'ஆர்'. நமக்கு வியர்த்துவிட்டது. இவ்வூர்ப் பட்டறையை நிறுவியது பெங்கால் நாக்பூர் ரயில்வே. 1887-இல் தோன்றிய அக்கம்பெனியின் முத்திரை 'பி.என்.ஆர்.' என்பது. 1955-இல் தென்கிழக்கு ரயில்வே அமைந்த பிறகும் பழைய பொருள்களில் அம்மூன்றெழுத்து நின்று வருகிறது. அந்த 'ஆர்' இந்த 'ஆர்' ஆயின், கையில் ரசீது இருந்தாலும், பொருள் ஏலத்தில் முறைப்படி வெளிவந்ததா என்று அறியாமல் நாம் அதனை வைத்திருக்க முடியாது; உரிய இடத்தில் ஒப்படைக்கத்தான் வேண்டும். இளைஞரிடம் அதனை அப்போதே சொல்லிவிட்டோம். அவர் பேசவில்லை. தம் சேமிப்பு முழுவதும் அதில் இருக்கிறதே!

'ஆர்' எழுத்துக்கு இடப்புறம் தேய்த்தோம். அங்கே 'என்' இருந்தால் கதை முடிந்தது. மெல்ல மெல்லத் தெரிந்தது 'ஈ'. அதற்கும் இடப்புறம் 'டி'. இளைஞர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எழுத்துகள் தேய்ந்து கிடந்தமையால், இருட்டியபின் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, சுண்ணக்கட்டியை மேலே தேய்த்துப் படித்தோம். பீட்டர் ரைட் என்ற பெயர். அதன்கீழ் 'பேடண்ட்' என்ற சொல். இங்கிலாந்தின் டட்லி நகரத்தில் பட்டடை செய்து உலகெங்கும் அனுப்பியவர்களின் பெயர் அது. ரயில்வே முத்திரை எங்கும் இல்லை என்பதை எல்லாப் பக்கமும் தேடி உறுதி செய்துகொண்டோம்.

கிரைண்டரைப் பக்கவாட்டிலும் ஓட்டியிருந்தால் இவ்வெழுத்துகள் பொறியாய்ப் பறந்து போயிருக்கும். திருடியதா, வாங்கியதா என்ற ஐயம் தீர்ந்திருக்காது. துலக்குவதாக எண்ணிச் சாட்சியை அழித்தவர்களாயிருப்போம்.

எடைக் கணக்கு

பெயருக்குக் கீழே மூன்று எண்கள் தள்ளித் தள்ளி இருந்தன: 1, 2, 14. இளைஞர் இதனை 1214 என்று படித்து, ஏதோ வரிசை எண் என்றார். நாம் சரக்கு அலுவலகத்தில் எடையோடு உழல்பவராதலால் இதன் சூட்சுமம் நமக்குப் பிடிபட்டது. இது அந்தர் கணக்கு. முதல் எண் முழு அந்தரைக் குறிக்கும். ஓர் அந்தர் 112 ராத்தல். நடு எண் கால் அந்தரைக் குறிக்கும். ஒரு கால் 28 ராத்தல். கடைசி எண் உதிரி ராத்தல். ஆகவே 112-உம் 56-உம் 14-உம் கூட்ட 182 ராத்தல். அதாவது ஏறக்குறைய 82½ கிலோ. கடைக்காரரின் தராசோ 81 கிலோ காட்டியது.

சரக்கு எழுத்தர் மொழியில் இது 'குறைவு'. ஒன்றரைக் கிலோ எங்கே போயிற்று? தராசின் பிழை சிறிது இருக்கலாம். எஞ்சியது உடைந்த ஓரங்களிலும், முகத்தின் பள்ளத்திலும், கொம்பின் தேய்விலும் போயிருக்கிறது. நம் கிரைண்டரும் சில குண்டுமணி எடுத்திருக்கும். மேட்ரிக் அளவுமுறைக்கு வழிசெய்த 1956-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பிறந்த நம் பிள்ளைகளுக்கு அந்தர் தெரியாது. வீட்டில் இத்தகைய பழம்பொருள் இருப்பின் இக்கணக்கைக் குறித்து வைத்துக்கொள்க.

முகம், ஓரம், இருக்கை

முகத்தில் இரும்புச் சட்டத்தை நிறுத்திப் பார்த்ததில் நடுப்பள்ளம் 2 மில்லிமீட்டரே இருந்தது. "இதனை மட்டமாக்க நினைக்காதீர்கள். வளைந்த கம்பியை நேராக்க இந்தப் பள்ளமே உதவும். அடிக்கும்போது கம்பி சற்று எதிர்ப்பக்கம் தாழ இடம் வேண்டாமா?" என்றார் பெரியவர். முகத்தை எண்ணெய் தொட்ட உப்புத்தாளால் துருப்போகும் அளவுக்கு மட்டும் தேய்த்தோம். சொரசொரப்பான பொட்டுகள் சில நின்றன. வேலை செய்யச் செய்ய அவை தாமே மறையும் என்றார். உண்மையாகவே மறைந்து வருகின்றன.

ஓரங்களில் எஃகுச் செதில் பெயரக்கூடிய கூர்முனைகளை மட்டும் சாணைக்கல்லால் மழுக்கினோம். அரம் போட்டுப் பார்த்தோம். அது பிடிக்காமல் வழுக்கிற்று. முகம் எவ்வளவு கடினம் என்பதற்கு அதுவே சான்று. கொம்புக்கு அருகில் மூன்று அங்குல நீளத்துக்கு ஓரத்தைச் சற்று உருட்டினோம். இரும்பை மடிக்கும்போது கூரான ஓரம் அதில் வெட்டுவிழச் செய்யும். அவ்வெட்டு பிற்பாடு முறிவாகும். உருண்ட ஓரத்தில் அவ்வச்சமில்லை. கொம்பையடுத்த படியோ எஃகன்று, மென்மையான இரும்பு. உளிவைத்து வெட்டும் வேலையை அதன்மேல் செய்தால் உளியின் வாய் மழுங்காது.

துரு மீண்டும் ஏறாதிருக்க, வெயிலில் நன்றாகச் சூடேறிய உடலில் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசித் துடைத்தோம். வங்காளத்து மழைக்காலத்தில் இது மிக அவசியம். ஓர் எச்சரிக்கை: அவ்வெண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குவித்து வைத்தால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து உலர்த்துக, அல்லது நீரில் போடுக. முகத்துக்கு வேலை முடிந்ததும் ஒரு துளி எண்ணெய் போதும்.

இருக்கைக்குச் சால மரத்துண்டு ஒன்றை நார் மேல்நோக்கி நிற்குமாறு நிறுத்தி, இரண்டடி மண்ணில் புதைத்து, இரும்புப் பட்டை போட்டோம். உயரம் ஆளுக்கு ஆள் வேறுபடும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு விரல்களை மடக்கினால், முட்டி படும் உயரத்தில் பட்டடையின் முகம் இருக்க வேண்டும். தாழ்ந்தால் முதுகு நோகும். உயர்ந்தால் தோள் நோகும்.

எல்லாம் முடிந்து முதல் அடி விழுந்ததும் கோயில் மணிபோல் ஒலித்தது. மகிழ்ந்தவர்கள் நாம், மகிழாதவர் பக்கத்து வீட்டு ரயிலோட்டுநர். இரவு வேலை பார்த்துப் பகலில் உறங்குபவர்! அவர் கொண்ட கோபம் நியாயமே. உறக்கமில்லாத ஓட்டுநர் கையில் எத்தனை உயிர்கள்! பெரியவர் ஒரு கனத்த சங்கிலியைப் பட்டடையின் இடுப்பில் இறுகச் சுற்றினார். ஒலி பாதியாகத் தணிந்தது. காலை பத்து மணிக்கு முன் சுத்தி எடுப்பதில்லை என்ற உடன்பாடும் ஏற்பட்டது.

இன்னும் ஒன்று. வெறும் பட்டடையைச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பது கூடாது. கடினமான எஃகும் எஃகும் மோதினால் சில்லு தெறித்துக் கண்ணைப் போக்கும். கண்ணாடி அணியாமல் இவ்வேலைக்கு நிற்கலாகாது. இடம் மாற்றும்போது தனியே தூக்க முயலாமல், குழாய்களை அடியில் வைத்து உருட்டுக.

இளைஞர் நம் கடனை நான்கு தவணையில் தீர்த்துவிட்டார். கணக்குப் புத்தகத்தில் 'வரவு' என்றெழுதிக் கோடிட்டோம். இப்போது சங்கத்து வீடுகளிலிருந்தே அவருக்கு வேலை வருகிறது. பக்கத்து வங்காளி அன்பர்களும் தோட்டக் கருவிகளைத் தீட்ட வருகிறார்கள். நீலம் படர்ந்த மூலையை நாம் மறைக்கவில்லை. பலமான அடி எதுவும் அங்கே விழாமல் இளைஞர் பார்த்துக்கொள்கிறார்.

அன்பர்கள் வீட்டில் பாட்டனார் காலத்து அடைகல்லோ, உளியோ, தராசோ கட்டிலுக்கடியில் கிடக்கலாம். அதனை எடைக்குப் போடுமுன்னும், பளபளப்பாக்கு முன்னும், அத்தொழில் அறிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டுக. அத்தகையோர் நம் தெருக்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். நாம் அன்று நண்பகல்வரை காத்திருந்தால் அந்த மூலையும் பிழைத்திருக்கும்.